புளி போட்டு விளக்கிய ஜப்பான் தட்டு

என் வீட்டுக்காரர் கப்பலில் எஞ்சின் அறையில் எந்திரங்களுக்கு எண்ணெய் போடுகிற ஆயிலராக இருந்தவர். கப்பலுக்குப் போன மற்றவர்கள் லீவில் வரும்போது சென்ட் பாட்டிலும் நைலக்ஸ் சேலையும் கொண்டுவருவார்கள். இவர் பழைய துணியில் சுற்றி வட்ட வட்டமான இரும்புத் தகடுகளைக் கொண்டுவந்தார். கல்யாணமான மறு வருஷம் முதல் தகட்டை என் கையில் வைத்தபோது, நடுவில் ஓட்டையும் சுற்றிலும் பூ வேலையுமாக இருந்ததைப் பார்த்து, முறுக்கு உரலுக்கு அச்சு வாங்கி வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். நம் உரலுக்கு இது பெரிசாச்சே என்று கவலையும் பட்டேன். ஆனால் கேட்கவில்லை. அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். எதையும் வாய்விட்டுக் கேட்கிற பழக்கம் எனக்கு வரவே இல்லை. பக்கத்து வீட்டில் உறை மோர் வாங்கப் போனால்கூட, அவர்களாகத் திரும்பிப் பார்க்கிறவரை வாசலில் நின்றுகொண்டிருப்பேன்.

அவரேதான் சொன்னார். ஜப்பானில் பழைய காலத்து வாளில், பிடிக்கும் அலகுக்கும் நடுவே இந்தத் தட்டை மாட்டுவார்களாம், கை நழுவி அலகில் பட்டுவிடாமல் இருக்க. அந்த ஊர்ப் பாஷையில் ட்சுபா. வாள் போன இடம் தெரியாமல் போனாலும் தட்டை மட்டும் தலைமுறை தலைமுறையாகப் பத்திரப்படுத்துகிற வீடுகள் அங்கே உண்டாம். கப்பல் துறைமுகத்தில் நிற்கிற நாட்களில் இவர் அந்த ஊர்க் கோயில் வளாகத்தில் கூடும் பழைய சாமான் சந்தைக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். அப்படிச் சேர்ந்ததுதான் எல்லாம். மூங்கிலும் குருவியும் வெட்டிய தட்டு, நண்டு போட்டது, நிலா வடிவில் ஓட்டை விட்டது. தட்டு போக, வாள் பிடியில் செருகுகிற சின்னச் சின்ன உருவங்களும் இருந்தன. அதில் ஒரு தட்டான்பூச்சி இருந்தது. விரல் நகம் அளவுதான், ஆனால் இறக்கையில் நரம்பு தெரியும்.

கப்பல் வேலை முடிந்து ஊரோடு வந்த பிறகு இவருக்கு இதுவே வேலையாகிப் போனது. சாரல் தொடங்கினால் தென்காசி முழுவதும் சந்தோஷப்படும். இவர் மட்டும் வானத்தைப் பார்த்து முனகுவார். அந்த ஈரக் காற்றில் இரண்டு நாளில் இரும்பில் செந்துரு பூத்துவிடும். உப்புத்தாள் தொடமாட்டார். எருமைக் கொம்பைச் சீவி முனையாக்கி, அதனால் துருவை மட்டும் நோண்டி எடுப்பார். பழைய வேட்டித் துணியால் மணிக்கணக்கில் தேய்ப்பார். பிறகு கிராம்பு எண்ணெயை விரல் நுனியில் தொட்டு, தடவினதே தெரியாத மாதிரி தடவுவார். "கருப்பு அதோட தோலு. செவப்பு அதுக்கு வந்த சொறி. சொறியத்தான் எடுக்கணும், தோல உரிச்சிரக் கூடாது" என்பார். அரிசியை வறுத்துத் துணியில் முடிந்து பெட்டிக்குள் போடுவது என் வேலை, ஈரத்தை இழுத்துக்கொள்ள. அதற்கு மேல் நான் எதையும் தொட்டதில்லை. வீடெல்லாம் கிராம்பு வாசனையாக இருக்கும். இப்போதும் குற்றாலத்துக் கடைகளில் கிராம்பைக் குவித்து வைத்திருப்பதைக் கடந்து போனால் எனக்கு அந்தச் சாரல் மாதங்கள்தான் ஞாபகம் வருகின்றன.

எல்லாவற்றிலும் உசத்தி ஒன்று இருந்தது. பட்டுத்துணியில் சுற்றித் தனிப் பெட்டியில் வைத்திருப்பார். வருஷத்துக்கு ஒரு தடவை பிரிப்பதே அதிகம். கன்னங்கரேல் என்று இருக்கும். தட்டு முழுவதும் கேழ்வரகு அளவு புள்ளிகள் வரிசை பிசகாமல், அதன் மேல் தங்கத்தில் இரண்டு கொக்கு. "இது இரும்பு இல்ல ஏட்டி, செம்பு. கொஞ்சம் தங்கம் கலந்த செம்பு" என்று ஒருமுறை சொன்னார். செம்பு என்ற சொல் மட்டும் என் மனசில் நின்றுவிட்டது.

இந்தப் பொருட்களைப் பற்றிப் பேச இவருக்கு ஊரில் ஆள் கிடையாது. சொந்தக்காரர்கள் "துருப்பிடிச்ச தகரத்துக்கு இந்தப் பாடா" என்று முகத்துக்கு நேரேயே கேட்பார்கள். சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவார். செல்போன் வந்த பிறகு, கொல்லத்தில் ஒரு டாக்டருக்கு இதில் ரொம்ப ஞானம் என்று தெரிந்து அவரோடு பேச ஆரம்பித்தார். படத்தில் பார்த்துச் சொல்ல முடியாது, நேரில் வருகிறேன் என்று டாக்டர் ஒரு ஆடி வெள்ளிக்கிழமை செங்கோட்டை வழியாக ரயிலில் வந்தார். முந்தின ராத்திரி இவர் சரியாகத் தூங்கவில்லை. விஷயம் தெரிந்த ஒருத்தர் தன் பொருளைக் கையில் எடுத்துப் பார்ப்பது அதுவே முதல் தடவை. இத்தனை வருஷம் பெட்டியில் வைத்திருந்தது நிஜமான பொருள்தானா, இல்லை சொந்தக்காரர்கள் சொல்கிற தகரம்தானா என்று அன்றைக்குத் தெரிந்துவிடும்.

காலையில் டாக்டரை வீட்டில் இறக்கி, காப்பி குடிக்கவைத்து, ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது, குளித்துவிட்டு வந்து நிதானமாகப் பார்க்கலாம் என்று இவர் கூட்டிக்கொண்டு போனார். போகும் முன் மேஜையில் வெள்ளைத் துண்டு விரித்து எல்லாவற்றையும் பரப்பியிருந்தார். கருப்புத் தட்டு நடுவில்.

நான் கிணற்றடியில் குத்துவிளக்கும் செம்புப் பானையும் விளக்கிக்கொண்டிருந்தேன். ஆடி வெள்ளி அல்லவா. உள்ளே போய்வரும்போதெல்லாம் அந்தக் கருப்புத் தட்டு கண்ணில் பட்டது. இரும்புக்குக் கருப்பு தோல், அது சரி. ஆனால் இது செம்பு. செம்பு கருத்துக் கிடந்தால் அது களிம்பு என்றுதான் எனக்குத் தெரியும். வெளியூரிலிருந்து பெரிய மனுஷர் வந்திருக்கும்போது களிம்பேறின சாமானை முன்னால் வைத்தால், பொம்பளை வீட்டில் என்ன செய்கிறாள் என்றுதானே நினைப்பார். தேங்காய் நார் போடவில்லை, செங்கல் பொடி போடவில்லை. கொக்குக்கு வலிக்காத மாதிரி வெறும் புளியை விரலால் மெல்லத் தேய்த்துக் கழுவினேன்.

துடைத்துப் பார்த்தபோது அந்தக் கருப்பு எங்கும் இல்லை. புதுப் பைசா மாதிரிச் சிவந்து கிடந்தது. தங்கக் கொக்கு எது, பின்னால் இருக்கிற தட்டு எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. இத்தனை காலம் அந்தக் கருப்புதான் கொக்கைக் காட்டிக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்து நான் செய்ததுதான் தப்பு. விளக்கெண்ணெய்த் திரியை ஏற்றி, பிள்ளைகளுக்குக் கண்மை பிடிக்கிற மாதிரி மேலே ஒரு சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்துக் கரி பிடித்தேன். அதை எண்ணெயில் குழைத்துப் புள்ளிகளுக்கு இடையில் எல்லாம் பூசி, கொக்கை மட்டும் துணியால் துடைத்துவிட்டேன். பார்வைக்குப் பழையபடி இருந்தது. துண்டின் நடுவில் வைத்துவிட்டு சாம்பாருக்கு முள்ளங்கி நறுக்கப் போய்விட்டேன்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்பே உட்கார்ந்துவிட்டார்கள். நான் அடுக்களைக் கதவோரம் நின்றேன். டாக்டர் ஒவ்வொன்றாக எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்து, நல்ல மாதிரியாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். இவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. கடைசியில் கருப்புத் தட்டு. டாக்டர் எடுத்தார், திருப்பினார், கட்டை விரலைப் பார்த்தார். பையிலிருந்து வெள்ளைத் துணி எடுத்து ஓரத்தில் ஒரு இழுப்பு இழுத்தார். துணி கருத்தது. அடியில் செம்பு பளீரென்று தெரிந்தது. ஒன்றும் சொல்லாமல் தட்டைத் துண்டின்மேல் வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். மரியாதை தெரிந்த மனுஷர்.

இவர் அந்தத் துணியை வாங்கிப் பார்த்தார். பிறகு சிரிக்கப் பார்த்தார்.

"பெயிண்டு அடிச்சித் தந்திருக்கான் சார். எனக்குத் தெரியல பாருங்க. இதுவே இப்படின்னா மத்ததெல்லாம் என்ன யோக்கியத?"

குருவித் தட்டை எடுத்துக் கட்டை விரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்தார், அதிலும் ஒட்டுகிறதா என்று. எதுவும் ஒட்டவில்லை. ஆனாலும் நம்பிக்கை போய்விட்டது. நண்டை எடுத்தார், அதையும் தேய்த்தார். எல்லாத்தையும் உள்ள எடுத்து வை ஏட்டி, சாப்பிடலாம் என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை.

அன்றுவரை வெளி ஆண்கள் முன்னால் நான் வாய் திறந்ததில்லை. ஆனால் சொல்லாவிட்டால் இவர் இந்தப் பெட்டியை இனி திறக்கவே மாட்டார் என்று தெரிந்தது.

"பெயிண்டு இல்ல" என்றேன். "நான்தான் காலையில புளி போட்டு வெளக்குனேன். நெறம் போயிட்டு. பொறவு கண்மை பிடிச்சி நான்தான் தடவுனேன்."

இவர் என்னைப் பார்க்கவில்லை, மேஜையைப் பார்த்தார். டாக்டர்தான் எழுந்து என் பக்கம் வந்தார்.

"சேச்சி, புளி மாத்ரம்தானே? வேற பொடி ஒண்ணும் போடலயே?"

தலையாட்டினேன். தட்டை மறுபடி எடுத்து லென்ஸில் பார்த்தார், மோந்து பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார். தங்கம் கலந்த செம்புதான் இது, நிஜப் பொருள்தான், தோல் மட்டும்தான் போயிருக்கிறது, திரும்ப வரவைக்கலாம் என்று இவரிடம் விளக்கினார். ஜப்பான்காரர்கள் முள்ளங்கியைத் துருவி அந்தச் சாற்றில் முக்கி எடுத்துத்தான் நிறம் ஏற்றுவார்களாம். சாப்பிட உட்கார்ந்தபோது சாம்பாரில் கிடந்த முள்ளங்கியைப் பார்த்து அவர் இன்னொரு தடவை சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.

டாக்டரை ரயில் ஏற்றிவிட்டு வந்து செருப்பைக் கழற்றும்போது சொன்னார்:

"வெளக்குனதுக்கு நான் ஒண்ணும் சொல்லல ஏட்டி. மறைச்சிருக்கியே. எங்கிட்டயா?"

மூன்று நாள் வீட்டில் அளந்துதான் பேச்சு.

அடுத்த மாதம் டாக்டர் நிறம் ஏற்ற மயில்துத்தம் என்கிற நீலக் கல்லும் வேறொரு செம்புக் களிம்பு உப்பும் எடுத்துக்கொண்டு வந்தார். அதைத் தண்ணீரில் கரைத்து என் செம்புப் பானையிலேயே கொதிக்கவைத்தோம். நான் முள்ளங்கி துருவினேன். தட்டைச் செம்புக் கம்பியில் கட்டி, கம்பியின் நுனியை இவர் என் கையில் கொடுத்தார். சாற்றில் முக்கி, கொதிநீரில் இறக்கி, ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் பழுப்பு வந்தது. அப்புறம் கத்தரிக்காய் நிறம். அப்புறம் நாவல்பழத் தோல் மாதிரி நீலம் ஓடின கருப்பு. இரண்டு கொக்கும் மெதுவாக வெளியே வந்தன. நான் அழுதுகொண்டிருந்ததை ஆவியில் யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். இவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார்.

அதற்குப் பிறகு துருவெடுக்கிற கொம்பு எனக்கும் ஒன்று சீவிக் கொடுத்தார். சாரல் மாதங்களில் எதிரெதிரே உட்கார்ந்து தேய்ப்போம்.

டாக்டர் சொல்லி, திருவனந்தபுரத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் ஆட்கள் பார்க்க வந்தார்கள். கருப்புத் தட்டைக் காட்டும்போது இவர், "இத எம் பொஞ்சாதி ஒரு நாளு புளி போட்டு வெளக்கிட்டா" என்று சொல்லி நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார். மீதியை நான்தான் சொல்ல வேண்டும். முதல் இரண்டு தடவை முடியவில்லை, உள்ளே போய்விட்டேன். மூன்றாம் தடவை சொன்னேன். வந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதன் பிறகு எனக்கே அது பிடித்துப்போனது. முள்ளங்கிச் சாம்பார்வரைக்கும் ஒன்று விடாமல் சொல்வேன்.

கண்மை தடவியதை மட்டும் அப்படிப் பார்க்க வந்தவர்கள் ஒருவரிடமும் சொன்னதில்லை. அந்த இடம் வரும்போது இவர் குனிந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார், நான் தாண்டிப் போகிறவரைக்கும். இவர் போய் மூன்று வருஷமாகிறது. போன வாரம் ஒருத்தர் வந்து கேட்டபோது வழக்கம்போல அதைத் தாண்டித்தான் சொன்னேன். பக்கத்தில் குனிந்துகொள்ள ஆள் இல்லாததால், தாண்டினது எனக்கே சத்தமாகத் தெரிந்தது.