மேசைக்கடியில் ஒரு பிள்ளை

எண்பதுகளின் நடுவில் யாழ்ப்பாணத்தை விட்டு வந்து, அமீரகத்தின் அல் ஐன் நகரில் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தில் வீட்டுவேலைக்குச் சேர்ந்தேன். வீட்டுக்காரர் பிரெஞ்சு இராணுவத்தில் ஹெலிகொப்டர் ஓட்டியவர். இங்கே அரபு விமானிகளைப் பழக்க வந்திருந்தார். என்னை அனுப்பிய ஏஜென்சிக்காரர் இதை எனக்குச் சொல்லவில்லை.

வேலைக்கு வந்த முதற்கிழமையில் ஒரு மதியம் வீட்டுக்கு மேலே ஹெலி தாழப் பறந்தது. ஊரில் பழகியபடி, அவர்களுடைய சின்ன மகளை இழுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசைக்குக் கீழே புகுந்துவிட்டேன். முற்றத்தில் நின்று கையசைத்துவிட்டு உள்ளே வந்த மேடம் குனிந்து பார்த்தார்.

"பயப்படாதே, அது அவர்தான்."

"எங்கட ஊரில அது சுடும், மேடம்."

அன்றிரவு சாப்பிடும்போது, என்னைத் தேற்ற நினைத்தாரோ என்னவோ, வீட்டுக்காரர் பழைய கதை சொன்னார். வியட்நாம் பக்கம் பிரெஞ்சுக்காரர் நடத்திய இந்தோசீனப் போரில் சின்ன ஹெலியின் இருபக்கமும் காயக்காரரைக் கட்டித் தூக்கி வந்தார்களாம். அப்படிப் பிழைத்தவர்களில் மேடத்தின் தகப்பனும் ஒருவர். பிறகு அல்ஜீரியப் போர். மலைகளில் படையை இறக்கினார்கள். ஹெலியிலேயே துவக்குகளைப் பூட்டிச் சுட்டார்கள். தரைப்படையின் பறக்கும் பிரிவு அங்கேதான் பெருத்து வளர்ந்தது என்றார்.

என்னால் வாயை அடக்க முடியவில்லை. "கீழ ஆர் இருந்தவை, சேர்?"

"மலையில் ஒளிந்திருந்தவர்கள்."

மேடம் தன் தட்டைப் பார்த்தபடியே, "ஊர்களும் இருந்தன," என்றார்.

அதற்குப் பிறகு எனக்கு உடுப்புக் காயப்போடும்போதும் காது வானத்திலேயே இருந்தது. பிள்ளையும் என்னைப் பார்த்துப் பழகிவிட்டாள். சத்தம் கேட்டால் மேசைக்கடியில் ஓடி ஒளிவாள். ஒருநாள் பறக்கும் உடுப்போடு வந்த தகப்பன் கூப்பிட்டும் அவள் வெளியே வரவில்லை. அவர் என்னை ஏசுவார் என்று நின்றேன். ஏசவில்லை. சப்பாத்தைக் கழற்றாமல் நிலத்தில் குந்தியிருந்து, அவளோடு மெல்லப் பேசிக்கொண்டிருந்தார்.

மறுநாளிலிருந்து வீட்டுக்கு மேலால் வருவதை விட்டுவிட்டார்.

இப்போது மேடத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. மேலே அந்தச் சத்தம் கேட்காமல், அவர் பத்திரமாகத் திரும்பிவிட்டாரா என்று தெரிய வழியில்லை. புழுதி கிளம்பும் நாட்களில் முற்றத்துக்கும் நான் சமைக்கும் குசினிக்குமாக நடப்பார்.

"ஏதாவது கேட்கிறதா உனக்கு?"

தூரத்தில், பேரீச்சந்தோட்டங்களுக்கு அப்பால், எனக்குத்தான் முதலில் கேட்கும். "வருது மேடம்," என்பேன். அவர் கதிரையில் இருந்துவிடுவார். நான் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, சத்தம் அடங்கும்வரை மேசைக்குப் பக்கத்திலேயே நிற்பேன்.