அண்ணி கேட்ட ட்ரவுட் மீன்

என் அண்ணனுக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. பகலெல்லாம் இருட்டுக் குழிக்குள் கிரீஸும் கையுமாக நிற்பவன், வேலை முடிந்தால் ஏரிக்கு ஓடுவான். ட்ரவுட் மீன் பிடிப்பதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் ஒன்றைக்கூட வீட்டுக்குக் கொண்டுவர மாட்டான். தண்ணீருக்குள் வைத்தே தூண்டில் முள்ளைக் கழற்றி, உள்ளங்கையில் கொஞ்ச நேரம் தாங்கி, மீனுக்குத் தெம்பு வந்ததும் விட்டுவிடுவான். இருபத்திரண்டு வருஷமாக இதே கதைதான்.

"எல்லார் வீட்டுக்கும் மீன் வருது. நம்ம வீட்டுக்கு நாத்தம் மட்டும்தான் வருது" என்று அண்ணி கிண்டல் செய்வார்.

அந்த அண்ணிக்கு வயிற்றில் கட்டி. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவமனையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரமாக நாலு ஸ்பூன் சூப்கூட இறங்கவில்லை. அண்ணன் கெஞ்சுவான், சத்தம் போடுவான், அப்புறம் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவான். எங்களுக்குக் கேட்காதென்று நினைப்பு.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அண்ணி தானாகவே சொன்னார்: "எனக்கு மீன் சாப்பிடணும் போல இருக்கு."

அண்ணன் அடித்துப்பிடித்துக் கடைக்குக் கிளம்பினான்.

"கடை மீன் வேணாம். இத்தனை வருஷமா புடிச்சுப் புடிச்சு விட்டீங்களே, அதுல ஒண்ணு கொண்டு வாங்க. வெண்ணெய்ல வறுத்தா போதும்."

எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீட்டு அக்காவைத் துணைக்கு உட்காரவைத்துவிட்டு ஓடினோம். ஏரியில் படகுக்கு நான் துடுப்புப் போட்டேன். ஒன்றரை மணி நேரம் ஒன்றும் கடிக்கவில்லை. அண்ணன் இடத்தை மாற்றினான், முள்ளில் இரைக்குப் பதிலாகக் கட்டுகிற இறகுப் பூச்சியை மாற்றினான், நடுவில் என்னையும் ஒரு பிடி பிடித்தான்.

"மெதுவாப் போடுடா. குளிக்கவா வந்திருக்கே?"

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் தூண்டில் வளைந்தது. நல்ல பெரிய மீன். பத்து நிமிஷம் இழுத்துப் படகோரம் கொண்டுவந்தான். நான் கைவலையை எடுக்கத் திரும்பினேன். எடுத்துக்கொண்டு பார்த்தால், தண்ணீருக்குள் அவன் கை விரிந்து கிடந்தது, காலியாக.

"டேய்..." என்றான். அவ்வளவுதான் வந்தது.

வேண்டுமென்றா செய்தான்? பழகின கை அதுபாட்டுக்கு முள்ளைக் கழற்றி, தாங்கி, விட்டுவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனையும் ஏரியில் தள்ளியிருப்பேன். அவன் தோள்வரை கையை விட்டுத் தண்ணீரைத் துழாவுவதைப் பார்த்ததும் கைவலையைக் கீழே வைத்தேன். இருட்டும்வரை வீசினான். வேறெதுவும் சிக்கவில்லை.

வீட்டில் அண்ணி தலைவாரி, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அடுப்பில் வாணலி தயாராக இருந்தது. அண்ணன் பொய் சொல்லவில்லை.

"கைக்கு வந்துச்சும்மா. நான்தான்..."

"விட்டுட்டீங்களா?" அண்ணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நல்ல ஆளு! சரி, நாளைக்குக் கொண்டு வாங்க."

மறுநாள் விடிந்ததும் போய் இரண்டு பிடித்தான். அவனே வறுத்தான். முள்ளெடுத்து, ஊதி, வாயருகே கொண்டுபோனான். அண்ணி அவனுக்காக வாயைத் திறந்தார். முடியவில்லை. அவன் மணிக்கட்டைப் பிடித்து மெல்லத் தள்ளினார்.

"கோவிச்சுக்காதீங்க. நேத்து பசிச்சுது."

அதற்குப் பிறகு பதினோரு நாள் இருந்தார். எதையும் கேட்கவில்லை.