ஃபைனலுக்கு முன் சபாபதியின் குதிகால்

1. திங்கட்கிழமைக் கூட்டம்

மேற்குத் தாம்பரத்தில் நான் பிசியோதெரபி கிளினிக் நடத்திய காலம் முழுக்க, எனக்குத் திங்கட்கிழமை என்றாலே திருவிழாதான். ஞாயிற்றுக்கிழமை ஆடியவர்கள் அத்தனை பேரும் மறுநாள் காலை என் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கிரிக்கெட்டில் தோள்பட்டை, கபடியில் முட்டி, பூப்பந்தில் கணுக்கால். ஆனால் விளையாடினேன் என்று ஒருத்தராவது வாயைத் திறக்க மாட்டார். "மாடிப்படில வழுக்கிடுச்சு மேடம்" என்பார்கள். அன்றைக்கு இந்தப் பக்கம் பாதி வீட்டுக்கு மாடியே கிடையாது. கூடவே மனைவி வந்திருப்பார், அதனால் இந்தப் பொய்.

வந்தவர்கள் எல்லோருக்கும் கரண்டு வைக்க வேண்டும். உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தால் முகம் சுண்டிப் போய்விடும். மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்து, கிர்ரென்று சத்தம் வந்தால்தான் அவர்களுக்கு வைத்தியம். கஸ்தூரி என்ற என் பெயரைப் போர்டில் பெரிதாக எழுதி வைத்திருந்தேன். என்ன பிரயோஜனம்? வட்டாரத்துக்கே நான் 'கரண்டு அம்மா'தான். முதலில் எரிச்சலாக வந்தது, பிறகு தெருவில் அப்படிக் கூப்பிட்டாலே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன்.

இப்போது இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "மேடம், அடிபட்டவங்க கிட்ட ஆடலாம்னு எப்போ சொல்றது, வேணாம்னு எப்போ சொல்றது?" வீக்கம், வலி, எத்தனை வாரம் என்பதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் இல்லாத ஒன்றை நான் கற்றுக்கொண்டது எண்பதுகளின் கடைசியில், சபாபதி என்கிற டவுன் பஸ் கண்டக்டரின் வலது குதிகாலில்.

2. நோட்டீசில் என் பெயர்

எங்கள் காலனியில் ஒரு பூப்பந்து டீம் இருந்தது. பக்கத்துக்கு ஐந்து பேர், மரப் பேட், மஞ்சள் நிறக் கம்பளிப் பந்து. பார்த்தால் சாதுவான ஆட்டம் மாதிரி தெரியும். இறங்கி ஆடினால் தெரியும், கெண்டைக்கால் கழன்றுவிடும். ஆடுகிறவர்கள் யாரும் பயில்வான்கள் இல்லை. பேங்கில் இருப்பவர், ஸ்கூல் வாத்தியார், ரேஷன் அதிகாரி என்று எல்லோரும் முப்பத்தைந்தைத் தாண்டிய தொப்பைக்காரர்கள். வாரம் முழுக்க நாற்காலியைத் தேய்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாகத் தாவினால் உடம்பு என்ன செய்யும், பாவம்.

சபாபதி மட்டும் வேறு ரகம். நாள் முழுக்க ஓடுகிற பஸ்ஸில் நின்றே பழகியவர். ஐந்து பேருக்கு நடுவில் சென்டர் இடத்தில் நின்று நாலா பக்கமும் பாய்ந்து எடுப்பார். அவர் இல்லாவிட்டால் டீமே இல்லை.

வருடா வருடம் ஷீல்டு மேட்ச் நடக்கும். பீர்க்கன்கரணை ஏரிப்பக்கத்து டீம் எங்களைத் தொடர்ந்து மூன்று வருடம் ஃபைனலில் தோற்கடித்திருந்தது. நல்ல மனுஷர்கள்தான். ஜெயித்துவிட்டு, எங்கள் வீட்டு மோரையே குடித்துவிட்டு, "நல்லா ஆடினீங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதுதான் இன்னும் ஆத்திரமாக இருக்கும்.

அந்த வருடம் கேப்டன் ராமன் சார் ஒரு காரியம் செய்தார். அவர் பேங்கில் ஹெட் கிளார்க். ஆளை எப்படிக் கவிழ்ப்பது என்று நன்றாகத் தெரிந்தவர். மேட்ச் நோட்டீசில் 'டீம் டாக்டர்: கஸ்தூரி' என்று அச்சடித்துக்கொண்டு வந்து கொடுத்தார்.

"சார், நான் டாக்டர் இல்ல, பிசியோதெரபிஸ்ட்."

"அவ்வளவு பெரிய வார்த்தைக்கு நோட்டீஸ்ல இடம் ஏதும்மா?"

மறுத்திருக்க வேண்டும். எங்கே மறுத்தேன்? நாலு நோட்டீசைக் கேட்டு வாங்கி ஊருக்கு அனுப்பினேன்.

3. "வூட்ல அனுப்பிச்சாங்க"

ஃபைனலுக்கு எட்டு நாள் இருக்கும்போது சபாபதி கிளினிக்குக்கு வந்தார், காக்கி உடையோடு, லேசாக நொண்டிக்கொண்டு.

"வூட்ல அனுப்பிச்சாங்க டாக்டரம்மா. காலைல எழுந்தா பத்து அடி நடக்க முடியல. அப்பால சரியாப் பூடுது."

குப்புறப் படுக்க வைத்துப் பார்த்தேன். குதிகாலுக்கு மேலே கெண்டைக்காலோடு சேர்கிற தடித்த நார் வீங்கிக் கிடந்தது. விரலால் பிடித்துப் பாதத்தை அசைத்தபோது மணல் மாதிரி நறநறத்தது. ஒரு இடத்தில் தொட்டதும், "யம்மா!" என்று கத்திவிட்டார். எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த நார் நைந்து போயிருந்தது.

"ஆறு வாரம் ஓடக் கூடாது. தாவவே கூடாது," என்றேன்.

"ஃபைனல் கீதே?"

"இருந்தா என்ன? இதோட தாவினா அறுந்துடும். அப்புறம் பஸ்ல நிக்கிற வேலைக்கு எப்படிப் போவீங்க?"

அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். "நீங்க சொன்னா சர்தான்," என்றுகூடச் சொல்லிவிட்டார். அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

சாயங்காலம் ராமன் சார் வந்தார், சபாபதியையும் கூட்டிக்கொண்டு. "ஒரே ஒரு மேட்ச்தான்மா. ஆடிட்டு ஆறு வாரம் என்ன, ஆறு மாசம் படுக்க வெச்சுக்கோ. நீ கட்டுப் போட்டா கால் இரும்பு மாதிரி நிக்கும்னு ஊரே சொல்லுதே!"

என் கட்டுக்கு அப்படியொரு பெயர் உண்மையிலேயே இருந்தது. அதில் எனக்குக் கர்வமும் உண்டு. ஆனால் நான் தலையாட்டியதற்குக் காரணம் அந்தப் புகழ்ச்சி மட்டும் இல்லை. எனக்கு அந்த ஷீல்டு வேண்டும்! மூன்று வருடமாகக் கோர்ட் ஓரத்தில் தொண்டை கிழியக் கத்தித் தோற்றவள் நான். சபாபதி இல்லையென்றால் நாலாவது வருடமும் மோர் ஊற்ற வேண்டியதுதான் என்று மனது ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

"குதிகாலுக்கு அடியில ரப்பர் மெத்தை வெச்சு, டைட்டா ஸ்ட்ராப் பண்ணித் தரேன். வலிச்சா உடனே வெளிய வந்துடணும்," என்றேன்.

இந்த 'வலிச்சா வெளிய வந்துடணும்' இருக்கிறதே, அது எவ்வளவு பெரிய ஏமாற்று வேலை தெரியுமா? வலி தெரியக் கூடாது என்றுதான் கட்டே போடுகிறோம்.

4. பின்னாலிருந்து அடித்தது யார்

மேட்ச் அன்றைக்கு வெயில் தாழ்ந்ததும் ஆட்டம் ஆரம்பித்தது. தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, மைக் செட் கட்டி, காலனியே கோர்ட்டைச் சுற்றி நின்றது. எனக்கு டீமுக்குப் பக்கத்தில் ஸ்டீல் சேர். மடியில் பை.

கட்டு அருமையாக வேலை செய்தது. சபாபதி பறந்தார். "டாக்டரம்மா, காலு இருக்கறதே தெரியல!" என்று இடைவேளையில் சிரித்தார். நானும் பல்லைக் காட்டினேன்.

ஆளுக்கு ஒரு கேம் ஆகி, மூன்றாவதும் முடியப் போகிற நேரம். இன்னும் இரண்டு பாயின்ட் எடுத்தால் ஷீல்டு எங்களுக்கு. நெட் பக்கம் விழுந்த பந்துக்குச் சபாபதி வலது காலை உந்திப் பாய்ந்தார். 'பட்'டென்று ஒரு சத்தம். பந்தை விட்டுவிட்டுப் பின்னால் திரும்பினார். பின்வரிசையில் ராமன் சார் நின்றிருந்தார்.

"யோவ்! இன்னாத்துக்குய்யா பேட்டால என் கால்ல அடிச்ச?"

"நான் எங்கய்யா அடிச்சேன்? பத்தடி தள்ளி நிக்கறேன்!"

"அப்ப எவன் அடிச்சான்? ஆவி வந்து அடிச்சுதா?"

இரண்டு பேரும் மல்லுக்கு நிற்க, அம்பயர் ஓடி வர, கூட்டத்தில் யாரோ கல்லெறிந்துவிட்டார்கள் என்று ஒருத்தர் கிளப்பிவிட, ஏரிப்பக்கத்து டீம்காரர்கள் பாவம், "நாங்க இல்லைங்க" என்று கையை விரித்தார்கள். ஊரே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இந்த நார் அறுந்தால் ஆளுக்கு அப்படித்தான் இருக்கும், யாரோ பின்னாலிருந்து ஓங்கி அடித்த மாதிரி. படிக்கும்போதே சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

ஓடிப் போய் அவரைக் குப்புறப் படுக்க வைத்துக் கெண்டைக்காலை அழுத்தினேன். நல்ல கால் என்றால் பாதம் தானாக அசையும். அது அசையவில்லை. இன்னொரு தடவை அழுத்தினேன். அப்போதும் அசையவில்லை.

"சுளுக்குதானே?" என்றார் சபாபதி. அதற்குள் யாரோ தைலத்தோடு வந்துவிட்டார்கள்.

"இல்லீங்க. அறுந்துடுச்சு," என்றேன்.

அவருக்குப் பதிலாக இறங்கிய ரேஷன் அதிகாரி எப்படியோ இரண்டு பாயின்டை எடுத்துவிட்டார். ஜெயித்துவிட்டோம்! ஆஸ்பத்திரிக்குப் போன ஆட்டோவில் சபாபதி காலை நீட்டிக்கொள்ள, அந்த ஷீல்டை வைக்க இடமில்லாமல் நான் மடியில் வைத்துக்கொண்டு போனேன். அவ்வளவு ஆசைப்பட்ட பொருள், அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

5. தேவகி சொன்னது

ஆபரேஷன், மாவுக்கட்டு, ஊன்றுகோல் நடை என்று ஏழு மாதம் ஆயிற்று, சபாபதி மறுபடி பஸ் ஏற. கைவசம் இருந்த லீவெல்லாம் முதல் இரண்டு மாதத்தில் தீர்ந்துவிட்டது. அவர் மனைவி தேவகி, அதுவரை வேலைக்கே போகாதவர், எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் மெஷினில் போய் உட்கார்ந்தார். நான் தினமும் அவர்கள் வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுத்தேன். போகும்போதெல்லாம் குற்றவாளி மாதிரிதான் படியேறுவேன்.

ஒருநாள் தாங்க முடியாமல் சொல்லிவிட்டேன். "தப்பு என்னோடதுங்க. நான் கட்டுப் போட்டிருக்கவே கூடாது. என்னை மன்னிச்சிடுங்க."

சபாபதி பதறிவிட்டார். "அட, நீ இன்னா டாக்டரம்மா! நீ வோணாம்னு சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேனா? வேற எவங்கிட்டயாச்சும் கட்டு போட்டுகினு ஆடியிருப்பேன்."

மனதிலிருந்து ஒரு மூட்டை இறங்கின மாதிரி இருந்தது. அது ஒரு நிமிஷம்தான். கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த தேவகி வாசலில் நின்று திரும்பினார்.

"பொய் சொல்றாருக்கா. நீங்க வேணாம்னு சொல்லியிருந்தா கேட்டிருப்பாரு. என் பேச்சைத்தான் கேக்க மாட்டாரு. அதுக்குத்தானே உங்க கிட்ட அனுப்பினேன்?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார். சபாபதி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். நான் அவர் பாதத்தைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு எண்ணிக்கையைத் தப்பாக எண்ணி, பத்து தடவை செய்ய வேண்டிய பயிற்சியை இருபது தடவை செய்ய வைத்துவிட்டேன்.

6. அடுத்த வருடம்

அடுத்த வருடமும் ஃபைனல் வந்தது, அதே ஏரிப்பக்கத்து டீமோடு. நோட்டீசில் என் பெயரைப் போட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். இந்த முறை நொண்டிக்கொண்டு வந்தது ராமன் சாரே. முட்டி, பூசணிக்காய் அளவுக்கு.

"ஒரே ஒரு மேட்ச்மா."

"வேணாம் சார்."

"சபாபதியும் இல்ல, நானும் இல்லைன்னா ஷீல்டு போயிடும்."

"போகட்டும்."

"நீயாம்மா இப்படிப் பேசறே? நம்ம டீம்மா!"

"அதனாலதான் சார் சொல்றேன். ஏரிப்பக்கத்து ஆள் இந்த முட்டியோட வந்திருந்தா யோசிக்காம வேணாம்னு சொல்லியிருப்பேன். அவங்களுக்குச் சொல்றதைத்தான் உங்களுக்கும் சொல்றேன்."

முணுமுணுத்துக்கொண்டே போனார். ஆனால் ஆடவில்லை. கோர்ட் ஓரத்தில் காலை நீட்டி உட்கார்ந்து எல்லோரையும் திட்டினார்.

இரண்டே பாயின்டில் தோற்றோம். ராமன் சார் அரை முட்டியோடு நின்றிருந்தால்கூட அந்த இரண்டு பாயின்ட் வந்திருக்கும். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன் என்றால் நம்புவீர்களா? அழுதேன். காலனியில் ஒரு மாதம் பாதிப் பேர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆகவே பிள்ளைகளே, வேண்டாம் என்று எப்போது சொல்வது என்று கேட்டீர்கள் அல்லவா? யாராவது ஒரு கால் உங்கள் மேஜைக்கு வரும்போது, அந்த ஆள் ஆட வேண்டும் என்று அவரைவிட உங்களுக்கு ஆசையாக இருந்தால், அப்போது. சொல்லிவிட்டு வயிறு எரியத்தான் செய்யும். எனக்கு இப்போதும் அந்த இரண்டு பாயின்ட் எரிகிறது.