கீரிமலைக் கேணியில் காத்திருந்தோம்

மருமகள் வெட்டிய தேசிக்காயின் எலுமிச்சை மணம் இன்று என்னை எட்டு வயதுக்குக் கொண்டுபோய்விட்டது. அந்த வருடந்தான் நிலாவரைக் கிணற்றில் குளிக்கப் போன என் அண்ணை மூழ்கிப்போனார். ஆழம் தெரியாத அந்தக் கிணறு உடலைத் திருப்பித் தரவில்லை. நிலாவரையில் போட்ட தேசிக்காய் பல மைல் தள்ளிக் கீரிமலைக் கேணியில் வந்து மிதக்கும் என்பது ஊர்க்கதை.

"உன்ரை அண்ணையும் அங்கைதான் வருவான், பிள்ளை" என்றார் ஐயா, என் தகப்பனார்.

அதன் பிறகு தினமும் விடியலில் என்னைச் சைக்கிள் பாரில் இருத்தி, பண்டத்தரிப்பிலிருந்து அவர் மிதிப்பார். இன்று அடையாளமே மாறிப்போன அந்தப் பழைய கேணியின் ஈரப் படியில் உட்கார்ந்து, சுவருக்கு அப்பால் கடல் மோதுவதையும், குளித்தவர்கள் வேட்டி பிழிவதையும், இறந்தவர்களுக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்ய வந்தவர்களின் மந்திரத்தையும் கேட்டபடி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்போம். நான் அழவில்லை. பசிதான் எடுத்தது.

முப்பத்தோராம் நாள் ஐயா எழுந்து குருக்களிடம் போனார். "சாம்பல் இல்லை. பேரை மட்டும் சொல்லிச் செய்யுங்கோ" என்றார். கிரியை முடிந்து மூழ்கி எழுந்தவர், "காணும் பிள்ளை, இனி வரத் தேவையில்லை" என்றார்.

இனி விடிய எழும்ப வேண்டாம் என்ற ஆறுதல் மட்டுமே அன்று எனக்கு இருந்தது. அதை இன்றுவரை நான் யாருக்கும் சொன்னதில்லை.