ஃபாலோ விழாத ரெட்

வியாசர்பாடி ஹவுசிங் போர்டு மலர்க்கொடியின் மூத்த மகள் சங்கமித்ரா. அப்பா பீம்ராவுக்குத் துறைமுகத்தில் வேலை. மலர்க்கொடியின் தம்பி அசோகன் கேரம் போர்டே கதியென்று கிடப்பவன். அவளுடைய கடைசித் தங்கையைக் கட்டிய வால்டரும் அதே ஜாதகம்.

சங்கமித்ராவுக்குப் பகலில் கம்பெனி வேலை. மற்ற நேரமெல்லாம் ஒரு டிரைவர்தான் உயிர். ரூபி மொழியில் எழுதிய ப்ரோகிராம் கேட்பதை டேட்டாபேஸிடம் சொல்லி, பதிலை வாங்கி வரும் மென்பொருள் அது. யாரும் சும்மா எடுத்துக்கொள்ளலாம், பிரித்தும் பார்க்கலாம். தொடங்கியவர் கைவிட்டபோது, "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று இவள் ஏற்றாள்.

அதற்குத்தான் வந்தது புகார். பிரேசிலில் மருந்துக் கடைகளுக்கு மென்பொருள் செய்கிற ஒருவர் எழுதினார்: "எப்போதாவது, விற்றது பதிவாகிறது, இருப்பு மட்டும் குறைவதில்லை. சரியாகாவிட்டால் வேறு டிரைவருக்குப் போய்விடுவோம்." இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டுமே நடக்கக் கூடாது. இவளோ எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தாலும் எல்லாம் சரியாகவே வந்தது. கண்ணில் படாத தப்பை எப்படித் திருத்துவது?

"லேப்டாப்பையே மொறச்சிகினு கீறியே, போய் மாமனாண்ட ரெண்டு போர்டு ஆடேன்!" என்று ஞாயிறு மத்தியானம் விரட்டினாள் மலர்க்கொடி.

லேப்டாப்போடு டோல்கேட் கேரம் கிளப்புக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஜன்னலில்லாத ஷெட். அசோகன் ரெட் என்கிற சிவப்புக் காயைப் பாக்கெட்டில் தள்ளியிருந்தான். அடுத்த அடியில் தன் காய் ஒன்றைப் போட்டால்தான் ரெட் அவனுக்கு, அதுதான் ஃபாலோ. ஸ்ட்ரைக்கரைச் சுண்டும் நேரத்தில் கரண்டு போயிற்று. ஸ்ட்ரைக்கர் எங்கோ ஓடியது.

வெளிச்சம் வந்ததும் அசோகன் ஒன்றும் நடக்காததுபோல் மறுபடி ஸ்ட்ரைக்கரை வைத்தான்.

"இன்னா மச்சான்! ஃபாலோ வுழல. ரெட்ட எடுத்து நடுவுல வை!" என்றான் வால்டர்.

"கரண்டு போனா நான் இன்னா பண்றது? வுட்ட எடத்துலேந்து ஆடுவேன்!"

"கலீஜ் ஆட்டம்!"

சங்கமித்ரா துள்ளி எழுந்தாள். "மாமா! இதத்தான் என் டிரைவரும் பண்ணிகினு கீது!"

டேட்டாபேஸுக்குப் போகும் லைன் பாதியில் அறுந்தால், வால்டர் சொன்னபடி டேட்டாபேஸ் ரெட்டை நடுவில் வைத்துவிடும். அதாவது, குறைத்த இருப்பைப் பழையபடி ஆக்கிவிடும். டிரைவரோ சத்தமில்லாமல் மறுபடி லைன் போட்டு, விட்ட இடத்திலிருந்து விற்பனையை மட்டும் எழுதிவிடும். அவள் சோதித்தபோது ஒரு தடவைகூட லைன் அறுந்ததில்லை!

பெஞ்சிலேயே உட்கார்ந்து, வேண்டுமென்றே பாதியில் லைனை அறுக்கும் சோதனை ஒன்றை எழுதி ஓட்டினாள். திரையில் சிவப்பு.

"வந்துச்சு! தப்பு வந்துச்சு!"

"தப்பு வந்ததுக்கா இந்தக் குதி?" என்று வாயைப் பிளந்தான் அசோகன்.

பாதியில் அறுந்தால் ஊமையாக இருக்காமல், முதலிலிருந்து தொடங்கச் சொல்லிக் கத்தும்படி டிரைவரை மாற்றினாள். மறுபடி ஓட்டினாள். பச்சை! ஷெட்டே கைதட்டியது, எதற்கென்று தெரியாமலே. திருத்தியதை அங்கிருந்தே பிரேசிலுக்கு அனுப்பினாள்.

மறுநாள் பிரேசிலிலிருந்து பதில். கிளப்புக்கே ஓடிவந்து தமிழில் படித்துக் காட்டினாள்: "உங்கள் சோதனையை இங்கும் ஓட்டினோம், இருப்பு சரியாக இருக்கிறது. நாங்கள் எங்கும் போகவில்லை. அந்தச் சோதனைக்கு 'அசோகன் மாமா ரெட்' என்று பெயர் வைத்திருக்கிறீர்களே, யார் அவர்?"

வால்டர் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தான். "நீ தோத்தது பிரேசில் வரிக்கும் பூட்ச்சே மச்சான்!"

அசோகன் ஸ்ட்ரைக்கருக்குப் பவுடர் தேய்த்தபடி சொன்னான்: "மாமா தோக்கல, கரண்டு போச்சுன்னு எழுது மித்ரா."