மேல் வீட்டுக் கூரையில் ஒரு பெட்டி

காலை ஐந்தரைக்குக் கோவையில் பஸ் ஏறினேன். மடியில் மூன்று வைஃபை பெட்டிகள். ஊட்டியில் இறங்கும்போது ஒன்பதே கால், எதிர்க்கடை தெரியாத மூடுபனி. அங்கிருந்து கிளென்மார்கன் பக்கத்து எஸ்டேட்டுக்கு ஜீப். எழுநூறு ரூபாய் என்றார் டிரைவர், ஐம்பதுகூடக் குறைக்கவில்லை.

"லைன் வீடுகளுக்கா நெட்டு? அங்க பாதி ஆளுதானுங்க இருக்கு" என்றார். தேயிலை விலை விழுந்து கிடந்த வருஷம் அது. "வாரத்துல மூணு நாள் வேலை குடுத்தா யாருங்க இருப்பா? எல்லாரும் திருப்பூர்தான்."

பதினொரு மணிக்கு ஃபாக்டரிக் கூரையில் முதல் பெட்டியை மாட்டினேன். அது தரும் நெட்டை தொழிலாளர் குடியிருப்பு லைனின் மேல் வீட்டுப் பெட்டி வாங்கி, கீழே பள்ளத்திலிருக்கும் கடைசி வீட்டுக்குத் தள்ளிவிடும். ஒவ்வொன்றுக்கும் அந்தந்த வீட்டுக் கரண்ட். செலவு ஓர் அறக்கட்டளையுடையது. குறுக்கே நின்ற சில்வர் ஓக் மரங்களை எஸ்டேட் வெட்டி விற்றிருந்ததால் சிக்னல் பளிச்சென்று கிடைத்தது. மொட்டை மேட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட என்னை நானே திட்டிக்கொண்டேன்.

மேல் வீடு செல்வராஜுடையது. ஒயர் இழுக்க உள்ளே போனால், பாத்திரமெல்லாம் சாக்கில் கட்டிக் கிடந்தது.

"நாளைக்குக் காலி பண்றோமுங்க" என்றார் தாழ்ந்த குரலில். "மரகதத்துக்கு இன்னும் சொல்லலை. எப்படிச் சொல்றதுன்னு தெரியலீங்க."

மரகதம்தான் அந்தக் கடைசி வீட்டுக்காரர். கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில். மகன் ஊட்டி விடுதியில் தங்கிப் பிளஸ் டூ படிக்கிறான், சனி ஞாயிறுதான் வருவான். அவனுக்காகத்தான் இவர் மலையை விடவில்லை. கணவரிடம் பேச மூன்று கிலோமீட்டர் ஏறி, டவர் கிடைக்கும் வளைவுக்குப் போக வேண்டும். இந்த லைனில் மற்ற வீடுகளெல்லாம் பூட்டு. வீடு காலியானால் எஸ்டேட் ஃபியூஸைப் பிடுங்கிவிடும். பெட்டியை மாற்றி வைக்க வேறு கூரையே இல்லை.

"சொல்லிருங்க, பாவம்" என்றேன். செல்வராஜ் தலையாட்டினார். நானும் கோழை மாதிரி வாயை மூடிக்கொண்டு வேலையை முடித்தேன்.

நான்கு மணிக்கு மரகதத்தின் போனில் கணவர் முகம் வந்தது. "ஐயோ, இப்படி எளைச்சுட்டீங்களே!" என்று மரகதம் சிரித்துக்கொண்டே அழுதார்.

"தனியா இருக்கியே, பயமா இல்லியா?" என்றார் கணவர்.

"எனக்கென்ன பயம்? மேல் வீட்டு அண்ணன் இருக்காங்கல்ல!" என்று போனை, கூட வந்திருந்த செல்வராஜ் பக்கம் திருப்பினார்.

செல்வராஜ் தொண்டையைச் செருமினார். "மாப்ளே, நாளைக்கு நானும் அங்கதான் வரேன்."

மரகதம் என்னைப் பார்த்தார். "அப்ப இந்தப் பெட்டி?"

"அண்ணன் வீட்டுக் கரண்ட் இல்லாம ஓடாதுங்க." எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

"எப்பண்ணா ஃபியூஸ் புடுங்குவாங்க?"

"காலைல ஏழு மணிக்கும்மா."

ஜீப்காரர் ஹாரன் அடித்தார். பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். எங்கள் வீட்டில் நெட் இரண்டு நிமிஷம் நின்றால் நான் வீட்டையே இரண்டாக்குவேன். வாசற்படியில் உட்கார்ந்து மரகதம் கணவரிடம் சொல்வது முதுகுக்குப் பின்னால் கேட்டது.

"வெச்சிராதீங்க. ஏழு மணி வரைக்கும் இருக்குமாம்."