ஃபாதரை வக்கீலுக்குப் படிக்கவைப்பது யார்?

மரக்காணம் உப்பளத்தில் கூடை சுமக்கும் சவரியம்மாளுக்கு ஒரு சங்கதி தெரியாமல் போனால் சோறு இறங்காது. பக்கத்து வீட்டில் என்ன குழம்பு என்பதிலிருந்து கலெக்டர் ஜீப் இந்தப் பக்கம் ஏன் வந்தது என்பது வரை கேட்டுத் தெரிந்துகொண்டாக வேண்டும். "ஒரு பாத்தி உப்பை அள்ளிக் கொட்னாலும் உன் வாய் அடங்காதுடி" என்பாள் கூடவே கூடை சுமக்கும் குப்பம்மாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இரண்டு பேரும் ஜோடி. ஒருத்தி மாதா கோயிலுக்கு மெழுகுவத்தி ஏற்றுகிறவள், இன்னொருத்தி அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவள். குழம்புக் கிண்ணம் மட்டும் இரண்டு வீட்டுக்கும் பொது.

இப்படிப்பட்டவள் கண்ணில், ஊர் மாதா கோயிலுக்கு உதவிப் பங்குச் சாமியாராக வந்த அந்தோணிராஜ் ஃபாதர் மாட்டினால் விடுவாளா? மனுஷன் காலையில் பூசை முடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு பாண்டிச்சேரிக்குப் போய் வக்கீலுக்குப் படிக்கிறார். சாமியாருக்கு எதற்கு வக்கீல் படிப்பு? கேட்டேவிட்டாள்.

"ஸ்காலர்ஷிப்மா. சாமியாருங்களுக்கும் சிஸ்டருங்களுக்கும்னே காலேஜ்ல தர்றாங்க."

"யார் வூட்டுப் பணம் ஃபாதர்? சும்மாவா தர்றாங்க?"

அவர் பதில் சொல்வதற்குள் ஞானஸ்நானத்துக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யாரோ வந்துவிட்டார்கள். பாதிக் கேள்வியோடு சவரியம்மாள் வீடு திரும்பினாள். அந்தப் பாதிக் கேள்வி பல்லில் மாட்டிய நார் மாதிரி அவளை உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்த மாசியில்தான் அந்தக் கொடுமை நடந்தது. பாத்திக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார் கொட்டகையில் குப்பம்மாளின் முந்தானை பெல்ட்டில் சிக்கி, வலது கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டது. ஓடிப்போய் சுவிட்சை அணைத்தவள் சவரியம்மாள். வேறு ஈ காக்கை அங்கே இல்லை. ஆஸ்பத்திரியில் குப்பம்மாளின் கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்தவரோ, அந்தப் பொம்பளை அன்றைக்கு வேலைக்கே வரவில்லை, வேறு எங்கேயோ அடிபட்டுக்கொண்டு நஷ்டஈடு கேட்கிறாள் என்று ஒரே போடாகப் போட்டார்.

விசாரணைக்கு லேபர் ஆபீசர் வந்த அன்று காலையில் குத்தகைக்காரரின் மேஸ்திரி அப்பாவு சவரியம்மாளை ஓரம் கட்டினார். "பாத்தேன்னு சொன்னீன்னா உனக்கும் உன் மருமவளுக்கும் இந்தக் கரையில எங்கயும் வேலை கெடைக்காது, சொல்லிட்டேன்."

"நீங்க கூட இருந்தீங்களாம்மா?" என்று ஆபீசர் கேட்டபோது, ஊரையே கேள்வி கேட்கிற அந்த வாய் சொன்ன பதில் இதுதான்: "இல்லீங்க. நான் அன்னிக்கு வேலைக்கே போகல."

எழுதிய தாளில் கைநாட்டும் வைத்தாள். பாவி மகள்! அதற்கப்புறம் குப்பம்மாள் வீட்டுப் பக்கம் அவள் போகவில்லை. எந்த முகத்தோடு போவாள்?

ஃபாதர் ஞாயிறு மதியம் பங்கு மண்டபத்தில் இலவச சட்ட உதவி என்று ஒரு மேஜை போட்டிருந்தார். அவர் இன்னும் மாணவர்தானே, கோர்ட்டில் பேச முடியாது. அதற்காகப் பாண்டிச்சேரியிலிருந்து வைஜெயந்தி என்கிற வக்கீலம்மா வருவார். குப்பம்மாளின் வழக்கையும் அவர்தான் எடுத்திருந்தார். அந்த மேஜைக்கு யார் போகிறார், வருகிறார் என்று அப்பாவு எதிர் டீக்கடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். சவரியம்மாள் ஒரு வழி கண்டுபிடித்தாள். சனிக்கிழமை சாயங்காலம், செய்த பாவத்தை ஃபாதர் காதில் சொல்லி மன்னிப்பு வாங்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போனால் ஏன் போனாய் என்று ஒருத்தரும் கேட்க முடியாது. பாவமும் தீரும், சேதியும் வக்கீலுக்குப் படிக்கிறவர் காதுக்குப் போய்விடும். எப்படி யோசனை!

முழங்காலிட்டு எல்லாவற்றையும் கொட்டினாள். 

"உண்மையைச் சொல்ல வேண்டிய எடத்துல சொல்லுங்கம்மா" என்றார் ஃபாதர், சல்லடைத் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து.

அதுதான் சொல்லியாகிவிட்டதே என்று நிம்மதியாக எழுந்து வந்தாள். அன்று இரண்டு கரண்டி சோறு கூடவே இறங்கியது.

மறுநாள் மண்டபத்தைப் பெருக்குகிற சாக்கில் சன்னலோரம் நின்றாள். உள்ளே துண்டு சுற்றிய கையோடு குப்பம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

"கூட இருந்ததா நீங்க சொன்ன அம்மா, வரவேயில்லன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. வேற சாட்சி இல்லன்னா கஷ்டம்" என்றார் வைஜெயந்தி. ஃபாதர் பக்கம் திரும்பினார். "உங்க பங்கு ஜனங்கதானே ஃபாதர், உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?"

"நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லீங்க" என்றார் ஃபாதர், தலையைத் தூக்காமல்.

சவரியம்மாள் கையிலிருந்த விளக்குமாறு கீழே விழுந்தது. அடப்பாவி! நேற்றுத்தானே வரி விடாமல் சொன்னேன்? வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு இப்படி ஒரு முழுங்கலா? அந்தப் பாதிக் கேள்வி இப்போது முழுசாக எழுந்து நின்றது. இவரைப் படிக்கவைக்கிற பணம் யாருடையது? ஒருவேளை உப்பளக் குத்தகைக்காரர் பணமோ? அதனால்தான் வாயில் கொழுக்கட்டையோ?

திங்கட்கிழமை வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு பஸ் ஏறினாள். அனுமந்தை, கீழ்புத்துப்பட்டு, பொம்மையார்பாளையம் என்று ஊர்கள் ஓடின. அவள் மனசுக்குள் ஃபாதரோடு சண்டை பிடித்துக்கொண்டே போனாள். பாண்டிச்சேரியில் விசாரித்து விசாரித்துக் காலேஜைக் கண்டுபிடித்தாள். மரத்தடியில் தடிப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு சிஸ்டர் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பெயர் சகாயசெல்வியாம்.

"தோத்திரம் சிஸ்டர். உங்களையெல்லாம் யாரு படிக்கவைக்கிறாங்க?"

சிஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "காலேஜேதாம்மா. எங்களுக்குச் சம்பளமும் இல்ல, சொந்தமா சொத்தும் இல்ல. அதனால சாமியாருங்ககிட்டயும் எங்ககிட்டயும் பீஸ் வாங்கறதில்ல. படிச்சிட்டு, வக்கீல் வெச்சிக்க முடியாதவங்களுக்கு நிக்கணும்னு ஒரு எண்ணம்."

"உப்பளத்து மொதலாளிங்க யாரும் தர்றதில்லியா?"

"ஐயோ, இல்லம்மா."

"அப்போ எங்க உப்பளத்துப் புள்ளைங்களுக்கு ஏன் தரலை?"

சிஸ்டர் சாப்பாட்டு டப்பாவை மூடினார். "நல்ல கேள்வி. நானும் ஆபீஸ்ல அதைத்தான் கேட்டிருக்கேன்."

இந்தச் சிஸ்டர் நல்ல மாதிரியாகத் தெரிந்தார். சவரியம்மாள் மற்றதையும் அவிழ்த்துவிட்டாள். தொட்டியில் சொன்னதை ஃபாதர் முழுங்கிவிட்டார் என்று குமுறினாள். சிஸ்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, அங்க கேட்டதை அவரு வெளியில ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. ஜட்ஜே கேட்டாலும் ஜெயிலுக்குப் போவாரே தவிர வாயைத் தொறக்க மாட்டாரு. வெளிய வந்தப்புறம் அவரா உங்ககிட்டகூட அதைப் பத்திப் பேசக் கூடாது."

"அவரு படிக்கிற சட்டத்தை வெச்சி ஏதாச்சும்..."

"எந்தச் சட்டம் படிச்சாலும் முடியாதும்மா. பாத்தவங்க நீங்க. நீங்கதான் சொல்லணும்."

திரும்பி வருகிற பஸ்ஸில் சவரியம்மாள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. பக்கத்து சீட்டுக்காரி மடியில் வைத்திருந்த மூட்டையில் என்ன என்றுகூடக் கேட்கவில்லை. ஃபாதரை நினைத்தால் பாவமாக இருந்தது. தன்னை நினைத்தால் அருவருப்பாக இருந்தது. மருமகளின் வேலையை நினைத்தால் பயமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு டீக்கடையில் அப்பாவு பார்த்துக்கொண்டிருக்க, அவர் முன்னாலேயே நடந்து மண்டபத்துக்குள் போனாள். மேஜைக்கு எதிரே குப்பம்மாளும் உட்கார்ந்திருந்தாள்.

"குப்பம்மா கை மோட்டார்ல மாட்னதை நான் பாத்தேன். சுவிட்சை நிறுத்தினதும் நான்தான். பயந்துகினு பொய் சொல்லிட்டேன்."

ஃபாதர் நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது. பேனாவை எடுத்துக்கொண்டு, இப்போதுதான் முதல்முதலாகக் கேட்கிறவர் போல, "என்னிக்கும்மா? முதல்லேருந்து சொல்லுங்க" என்றார்.

"கோர்ட்லயும் சொல்வீங்களா?" என்றார் வைஜெயந்தி. "முன்னாடி ஏன் மாத்திச் சொன்னீங்கன்னு எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டுக் கொடைவாரே?"

"கொடையட்டும். மேஸ்திரி மெரட்டுனாரு, நான் கோழையாட்டம் சொல்லிட்டேன்னு சொல்றேன்."

எல்லாம் எழுதி முடிக்கும்வரை அவள் குப்பம்மாளின் பக்கம் திரும்பவில்லை. திட்டுவாள், காறித் துப்புவாள், எதுவானாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று கடைசியில் திரும்பினாள்.

குப்பம்மாள் திட்டவில்லை. மிச்சமிருந்த கையால் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நீ அன்னிக்கு அங்க இல்லவே இல்லியோ, நான்தான் வலியில உளர்றேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சிடி. பைத்தியம் பிடிச்சிடுச்சின்னே நெனச்சிட்டேன்டி."